'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை முழுசாகப் பிடிக்க ஒரு வழிகாட்டி

'ரன்' என்றால் என்ன என்று கேட்டால், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர்கூட 'ஓடு' என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார். தப்பில்லை. ஆனால் அவரே ஓர் ஆங்கில நாளிதழைப் புரட்டினால், முதல் பக்கத்தில் ஒருவர் அதிபர் பதவிக்கு 'ரன்' ஆகிறார். இன்னொருவர் கம்பெனியை 'ரன்' பண்ணுகிறார். ஒரு வங்கியில் 'ரன்' நடக்கிறது. எங்கோ ஒரு கிணறு 'ரன் ட்ரை' ஆகிவிட்டது. இத்தனை பேரில் ஒருவர்கூட ஓடவில்லை.

இதற்காகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. இருபதாவது வரியைத் தாண்டுவதற்குள் முதல் வரி மறந்துபோகும். அதைவிட எளிய வழி இருக்கிறது. வாக்கியத்தைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எது 'ரன்' ஆகிறது? எதையாவது 'ரன்' பண்ணுகிறார்களா? 'ரன்'னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சொல் எது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பெரும்பாலான பொருள்கள் தாமாகவே பிடிபடும். மிச்சமிருக்கும் சிலவற்றை மட்டும்தான் மனதில் வைக்க வேண்டும்.

படி 1: எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம்

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் ஏறக்குறைய 430 பொருள். அப்புறம் அகராதியை முழுக்கத் திருத்தி எழுதும் வேலை நடந்தது. 2011இல் 'ரன்' திருத்தி முடிக்கப்பட்டபோது அது 'செட்'டைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது: வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். அந்தப் பதிவைக் கவனித்தவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர். இந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்தது.

அது வரலாற்று அகராதி என்பதை மறக்கக் கூடாது. வழக்கொழிந்தவை, கப்பல்காரர்களும் அச்சுக்கூடத்தாரும் மட்டும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவை எல்லாமே அதில் ஏறியிருக்கும். தவிர, 645 என்ற கணக்கே எவ்வளவு நுணுக்கமாகக் கூறுபோடுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான். தண்ணீர் ஓடுவதையும் கண்ணீர் ஓடுவதையும் ஒன்றாகவும் எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரே உச்சரிப்பில் இரண்டு தனிச் சொற்கள் இருப்பது வேறு, ஒரே சொல் பல பொருளாகக் கிளைப்பது வேறு. ஆங்கிலத்தில் வௌவாலும் 'பேட்', மட்டையும் 'பேட்'. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. தமிழில் கூரை ஓடும், ஓடு என்ற வினையும் அப்படித்தான். 'ரன்' அந்த ரகம் இல்லை. அதன் நூற்றுக்கணக்கான பொருள்களும் ஒரே குடும்பம், ஒரே வேர். அதனால்தான் அவற்றைப் பிடிப்பதும் சாத்தியமாகிறது.

படி 2: தமிழ் 'ஓடு' எவ்வளவு தூரம் கூட வரும்?

தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நம்முடைய 'ஓடு' என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, குடும்பம் எப்படியோ ஓடுகிறது, மனசுக்குள் என்னென்னவோ ஓடுகிறது. இவற்றில் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலத்திலும் 'ரன்' பொருந்தும். நதி 'ரன்ஸ்', மெஷின் 'ரன்ஸ்', நாடகம் மூன்று மாதம் 'ரேன்', மனதில் ஓர் எண்ணம் 'ரேன் த்ரூ'.

ஆகவே 'ரன்' தென்பட்டால் முதலில் 'ஓடு' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அங்கேயே வேலை முடிந்தது.

பொருந்துவதுபோல் தெரிந்து காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. 'த கார் இஸ் ரன்னிங்' என்றால் கார் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் அதற்கு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதல் பொருள். கார் வாசலில் அசையாமல் நிற்கலாம். போய்க்கொண்டிருக்கும் ரயிலை நம்மில் பலர் 'ரன்னிங் டிரெயின்' என்போம். அங்கே ஆங்கிலேயர் சொல்வது 'மூவிங் டிரெயின்'. 'த டிரெயின் ரன்ஸ் எவ்ரி ஹவர்' என்றால் மணிக்கு ஒரு ரயில் விடப்படுகிறது என்பது பொருள். அதாவது சேவை நடக்கிறது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வயது சொல்லும்போதும் இந்தக் குழப்பம் வரும். 'இருபது முடிஞ்சு இருபத்தொண்ணு ரன்னிங்' என்று நம் பேச்சில் சகஜமாகச் சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கில வாக்கியமாக்கினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. நேரம் ஓடுகிறது என்பதற்கும் 'டைம் இஸ் ரன்னிங்' என்று சொல்வது அரிது. 'டைம் ஃப்ளைஸ்' என்பார்கள். 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' என்றால் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

படி 3: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

இதுதான் முக்கியமான படி. தமிழில் தானாக நடப்பதற்கு 'ஓடு', இன்னொன்றை ஓட வைப்பதற்கு 'ஓட்டு'. சொல்லிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஒரு ஜோடி இருந்தது: ஓடுவதற்கு 'ரின்னன்', ஓட்டுவதற்கு 'ஆர்னன்'. ஜெர்மனில் 'ரின்னென்', 'ரென்னென்' என்ற இரண்டு சொற்கள் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்திலோ காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. நாம் படும் பாட்டில் பாதிக்கு இந்தக் கலப்புதான் காரணம்.

ஆகவே 'ரன்'னுக்கு அடுத்து ஒரு பெயர்ச்சொல் நேராக வந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது பெரும்பாலும் 'ஓட்டு'தான். தமிழில் அது 'நடத்து', 'இயக்கு', 'செலுத்து' என்றெல்லாம் உருமாறும்.

'ஷி ரன்ஸ்' என்றால் ஓடுகிறாள். 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். 'ரன் எ புரோகிராம்' என்றால் கணினியில் ஒரு நிரலை இயக்குவது. 'ரன் எ டெஸ்ட்' என்றால் சோதனை செய்வது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' பண்ணினால் அதை வெளியிட்டது என்று அர்த்தம். ஒரு கட்சி வேட்பாளரை 'ரன்' பண்ணினால் நிறுத்தியது. துப்பாக்கிகளை 'ரன்' பண்ணினால் கடத்தியது. 'கன் ரன்னர்' என்பவர் ஓட்டப்பந்தய வீரர் இல்லை, ஆயுதம் கடத்துகிறவர். பிரிட்டனில் 'ஐ காண்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஓட்டத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல், பழுது, காப்பீடு என்று கார் வைத்துப் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறார். 'ரன் எ பாத்' என்றால் குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது.

'ரன் யுவர் ஐ ஓவர்' என்பது ஒரு பட்டியலின் மேல் பார்வையை ஓட்டுவது. இதில் தமிழும் ஆங்கிலமும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. தலைமுடிக்குள் விரலை 'ரன்' பண்ணினால் மட்டும் 'ஓட்டு' சரிவராது. கோதினாள் என்று நமக்குத் தனியாக ஓர் அழகான சொல் இருக்கிறது.

இந்த வரிசையில் சில பொருள்கள் எந்தக் கணக்கிலும் அடங்காது. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. யாரும் காய்ச்சலை நடத்துவதில்லை. 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் தாண்டிப்போவது. 'ரன் அன் எரண்ட்' என்றால் வெளியே போய்ச் சின்ன வேலை ஒன்றை முடித்துவிட்டு வருவது. இவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

'ரன் எ ரிஸ்க்', 'டேக் எ ரிஸ்க்' இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தெரிந்தே துணிந்து இறங்கினால் 'டேக்'. செய்கிற காரியத்தால் ஓர் ஆபத்துக்கு ஆளாக நேர்ந்தால் 'ரன்'. கதவைப் பூட்டாமல் போகிறவர் திருட்டுப்போகும் 'ரிஸ்க்'கை 'ரன்' பண்ணுகிறார். அவர் வேண்டுமென்று துணிச்சல் காட்டவில்லை.

படி 4: தண்ணீரைத் தொடர்ந்து போனால்

'ரன்'னின் வேர் மனிதன் ஓடுவதோடு நீர் ஓடுவதையும் பழங்காலத்திலிருந்தே சேர்த்துக் குறித்தது. மேலே சொன்ன ஜெர்மன் 'ரின்னென்' இன்றும் நீர் வழிந்தோடுவதைத்தான் சொல்கிறது. தமிழில் ஓடு என்பதிலிருந்து ஓடை வந்ததுபோல, ஆங்கிலத்திலும் சிற்றோடைக்கு 'ரன்' என்று பெயர் உண்டு. அமெரிக்காவின் சில பகுதிகளில் ஓடைகளின் பெயரே அப்படித்தான் முடியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 ஜூலையில் வர்ஜீனியாவில் நடந்த முதல் பெரிய சண்டைக்குப் 'புல் ரன்' (Bull Run) சண்டை என்று பெயர். புல் ரன் என்பது அங்கே ஓடிய ஓடை. பங்குச் சந்தைச் செய்தியில் 'புல் ரன்' வந்தால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் ஜூலை மாதத் திருவிழாவில் நடக்கும் 'புல் ரன்'னில்தான் நிஜமாகவே காளைகள் ஓடுகின்றன. ஒரே இரண்டு சொல், மூன்று உலகம். எது என்று சொல்ல அக்கம்பக்கத்து வாக்கியங்களால்தான் முடியும்.

நீர் என்று பிடித்துக்கொண்டால் ஒரு கூட்டமே புரியும். 'ரன்னி நோஸ்' என்றால் ஒழுகும் மூக்கு. 'ரன்னிங் வாட்டர்' என்றால் குழாயில் வரும் தண்ணீர். துவைக்கும்போது 'கலர் ரேன்' என்றால் சாயம் போய்விட்டது. மை 'ரன்' ஆனால் காகிதத்தில் ஊறிப் பரவியது. 'ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் அந்தக் குணமோ நோயோ பரம்பரையாக வருகிறது. நாம் 'ரத்தத்திலேயே ஊறியது' என்போமே, ஏறக்குறைய அதே எண்ணம். பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிய வைக்கும் 'ரென்னெட்' என்ற பொருளின் பெயரும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். பால் ஓடி ஒன்றுசேர்வதாக அந்தக் காலத்தில் சொன்னார்கள்.

அடுத்து, நீளமாகக் கிடப்பவை. சாலை 'ரன்ஸ்' என்றால் அது நீண்டு செல்கிறது. வேலி, குழாய், மலைத்தொடர் எல்லாமே அசையாமல் 'ரன்' ஆகும். இட நீளம் போலத்தான் கால நீளமும். ஒப்பந்தம் மூன்று வருஷம் 'ரன்ஸ்', அதாவது செல்லுபடியாகும். 'ஸோ த ஸ்டோரி ரன்ஸ்' என்றால் கதை அப்படிப் போகிறது.

படி 5: பின்னால் ஒரு பண்புச்சொல் வந்தால்

இது சின்னப் படி. 'ரன்'னுக்குப் பின்னால் 'ட்ரை', 'லோ', 'ஷார்ட்', 'வைல்ட்' மாதிரி ஒரு சொல் வந்தால் அங்கே ஓட்டமே இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போவதைத்தான் அது சொல்கிறது. தமிழில் வினையோடு 'போ' சேர்த்து இதைச் சொல்லிவிடுகிறோம். கிணறு 'ரேன் ட்ரை' என்றால் வற்றிப்போனது. கையிருப்பு 'ரேன் லோ' என்றால் குறைந்துபோனது. தோட்டம் 'ரேன் வைல்ட்' என்றால் கவனிப்பாரின்றிக் காடாகிப்போனது. 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்றால் தாமதமாகிறது, அவ்வளவுதான். சொல்பவர் சோபாவில் சாய்ந்தபடியே சொல்லலாம்.

படி 6: குட்டிச் சொற்கள்

உண்மையான சங்கடம் இங்கேதான். 'அவுட்', 'இன்டு', 'ஓவர்', 'டவுன்', 'அப்', 'த்ரூ', 'பை', 'ஆஃப்' என்ற குட்டிச் சொற்கள் 'ரன்'னோடு சேரும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று நான்கு பொருள் முளைக்கும். நிதானமாகப் பார்ப்போம்.

'ரன் அவுட்' என்றதும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அன்றாட ஆங்கிலத்தில் அதைவிட அதிகம் புழங்குவது 'தீர்ந்துபோ' என்ற பொருள். அதற்கு ஓர் இலக்கண நெளிவு இருக்கிறது. தீர்ந்துபோகும் பொருளை முதலில் வைத்தால் 'ஆஃப்' (of) வராது: 'த மில்க் ரேன் அவுட்'. ஆளை முதலில் வைத்தால் 'ஆஃப்' கட்டாயம்: 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்'. தமிழில் 'எங்களிடம் பால் தீர்ந்துவிட்டது' என்று பாலைத்தான் எழுவாயாக வைக்கிறோம். நாம் பாலிலிருந்து தீர்வதில்லை. அதனால் இந்த இரண்டாவது அமைப்பு சரளமாக வரக் கொஞ்ச நாளாகும். பொறுமை தீர்ந்தாலும், யோசனை தீர்ந்தாலும், பெட்ரோல் தீர்ந்தாலும் இதே கதைதான். பாஸ்போர்ட் 'ரன்ஸ் அவுட்' என்றால் காலாவதியாகிறது.

'ரன் இன்டு' என்பதற்கு எதிர்பாராமல் சந்திப்பது, மோதுவது என்று இரண்டு பொருளும் உண்டு. 'ஐ ரேன் இன்டு யுவர் ஃபாதர்' என்று ஒருவர் சொன்னால் சந்தித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'ஐ ரேன் இன்டு எ ட்ரீ' என்றால் மரத்தில் மோதியிருக்கிறார், மரத்தைத் தற்செயலாகச் சந்திக்கவில்லை. சிக்கலில் மாட்டுவதற்கும் 'ரன் இன்டு' வரும். செலவு 'ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்' என்றால் மில்லியன் கணக்கில் போகிறது.

அதே வாக்கியத்தில் 'இன்டு'வை எடுத்துவிட்டு 'ஓவர்' போட்டுவிடாதீர்கள். 'ஐ ரேன் ஓவர் யுவர் ஃபாதர்' என்றால் வண்டியை அவர்மேல் ஏற்றிவிட்டேன் என்று பொருள். அதே 'ரன் ஓவர்' குறிப்புகளோடு வந்தால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்வது. கூட்டத்தோடு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டிப்போவது. பாத்திரத்தோடு வந்தால் வழிவது. நான்கிலும் 'மேலே' அல்லது 'தாண்டி' என்ற படம் ஒளிந்திருக்கிறது: வண்டி ஆளின் மேலே, பார்வை தாளின் மேலே, கூட்டம் நேரத்தைத் தாண்டி, தண்ணீர் விளிம்பைத் தாண்டி. குட்டிச் சொல்லின் நேர்ப்பொருளை இப்படிக் கண்முன்னால் கொண்டுவந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

'ரன் டவுன்' பொல்லாதது. பேட்டரி 'ரேன் டவுன்' என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. கார் ஒருவரை 'ரேன் டவுன்' என்றால் அடித்துச் சாய்த்தது. ஒருவர் இன்னொருவரை எப்போதும் 'ரன்ஸ் டவுன்' என்றால் மட்டம் தட்டுகிறார். ஓர் ஆள் 'ரன்-டவுன்' ஆகத் தெரிகிறார் என்றால் உடம்பு அசந்துபோயிருக்கிறது. கட்டடம் 'ரன்-டவுன்' என்றால் பராமரிப்பில்லாமல் பாழடைந்திருக்கிறது. இதுவரை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது, சரி. ஆனால் 'கிவ் மீ எ ரன்டவுன்' என்று மேலாளர் கேட்டால் அவருக்கு வேண்டியது சுருக்கமான விவரம். மேலிருந்து கீழாக ஒரு பட்டியலை வாசிப்பதுபோல் எண்ணிக்கொண்டால் அதுவும் ஒட்டும்.

'ரன் அப் எ பில்' என்றால் கடனையோ கட்டணத்தையோ ஏற விடுவது. கொடியை 'ரன் அப்' பண்ணுவது ஏற்றுவது. பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரம் 'ரன்-அப்'. தேர்தலுக்கு முந்தைய வாரங்களும் 'ரன்-அப்'தான், ஏனென்றால் அதுவும் ஒன்றை நோக்கி ஓடிவரும் காலம். 'ரன்னர்-அப்' என்றால் இரண்டாமிடம் பெற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

'ரன் த்ரூ' என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு தடவை சொல்லிப்பார்ப்பது, ஒத்திகை பார்ப்பது. பணத்தை 'ரன் த்ரூ' பண்ணினால் வேகமாகச் செலவழித்துத் தீர்ப்பது. பழைய கதைகளில் ஒருவன் இன்னொருவனை 'ரேன் ஹிம் த்ரூ' என்று வந்தால் வாளால் ஊடுருவக் குத்திவிட்டான். மூன்றாவதை வாசிக்கும்போது அடையாளம் கண்டால் போதும், பேச்சில் எடுக்க வேண்டிய அவசியம் வராது.

'ரன் ஆஃப்' (run off) என்றால் ஓடிப்போவது, நகல் எடுப்பது, மழைநீர் வழிந்தோடுவது. தேர்தலில் யாருக்கும் தேவையான பெரும்பான்மை கிடைக்காவிட்டால் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் நடக்கும் இரண்டாம் சுற்றுக்கும் 'ரன்ஆஃப்' என்றே பெயர். 'ரன்-இன்' என்பது சச்சரவு. 'ரன் இட் பை மீ' என்றால் முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அலுவலக மின்னஞ்சல்களில் இது அடிக்கடி தென்படும்.

படி 7: பெயர்ச்சொல்லாக வரும்போது

கிரிக்கெட்டில் மட்டையாளர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி முடித்தால் ஒரு 'ரன்'. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கோ ஆறோ கிடைத்துவிடும். ஓட்டம் போய், எண்ணிக்கை மட்டும் சொல்லில் நின்றுவிட்டது.

கவனம், 'ஹி ஹேஸ் த ரன்ஸ்' என்பது வேறு. அவருக்கு வயிற்றுப்போக்கு.

'பேங்க் ரன்' என்றால் பணம் முடங்கிவிடும் என்ற பயத்தில் வைப்பாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகள்முன் மக்கள் வரிசைகட்டி நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் ஏறத்தாழ 42 பில்லியன் டாலரை எடுக்க முயன்றார்கள், பெரும்பாலும் இணையம் வழியாகவே. அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை என்றாலும் ஆங்கிலத்தில் அதுவும் 'ரன்'தான்.

தொடர்ச்சி என்ற பொருளும் பெயர்ச்சொல்லுக்கு உண்டு. ஐந்து வெற்றிகள் வரிசையாக வந்தால் 'எ ரன் ஆஃப் ஃபைவ் வின்ஸ்'. ஒரு தடவையில் அச்சிடும் பிரதிகள் 'பிரிண்ட் ரன்'. 'இன் த லாங் ரன்' என்றால் போகப்போக. 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்பதிலும் இதே எண்ணம்தான், மூன்று நாள் விடாமல்.

மிச்சமுள்ளவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'ட்ரை ரன்' வெள்ளோட்டம். 'ஆன் த ரன்' தலைமறைவு. 'சிக்கன் ரன்' கோழிகள் உலாவ வலையடித்த இடம். 'ரன்-ஆஃப்-த-மில்' என்றால் சாதாரணமானது, விசேஷமில்லாதது. நைலான் காலுறையில் இழை அறுந்து நீளமாக விட்டுப்போவதை அமெரிக்கர் 'ரன்' என்பார்கள், பிரிட்டிஷார் 'லேடர்' என்பார்கள். தேர்தலில் நிற்பதிலும் இதே பிளவு: அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்ஸ்', பிரிட்டனில் 'ஸ்டாண்ட்ஸ்'. தமிழ் இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கம், நம் வேட்பாளர்களும் நிற்கத்தான் செய்கிறார்கள்.

படி 8: அகராதியும் நோட்டும்

எந்த அகராதியைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி பொருள்களைக் காலவரிசையில் அடுக்கும், எது முதலில் தோன்றியதோ அதற்கு முதலிடம். ஒரு சொல்லின் வரலாறு வேண்டுமானால் அங்கே போங்கள். அவசரத்துக்கு அது உதவாது. கற்பவர்களுக்கான அகராதிகளில் அதிகம் புழங்கும் பொருள் முன்னால் இருக்கும், குட்டிச் சொல் சேர்க்கைகள் பதிவின் கடைசியில் தனியாக இருக்கும். 1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி இன்னொரு படி மேலே போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. யார் ஓட்டுகிறார், எதை ஓட்டுகிறார் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். 'ரன்' மாதிரிச் சொற்களுக்கு என் ஓட்டு அந்த முறைக்குத்தான்.

நோட்டில் எழுதும்போது 'ரன் = நடத்து' என்று எழுதாதீர்கள், அது ஒரு வாரத்தில் செத்துவிடும். படித்த வாக்கியத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் நீங்கள் தமிழில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பேச்சில் எடுக்கப்போகிறவற்றுக்கு ஒரு புள்ளி, வாசிக்கும்போது புரிந்தால் போதும் என்பவற்றுக்கு ஒரு கோடு. 'ரன் அவுட் ஆஃப்' புள்ளி. 'ரன் ஹிம் த்ரூ' கோடு.

வினை வடிவங்களையும் ஒரு கை பார்த்துக்கொள்ளுங்கள்: ரன், ரேன், மறுபடியும் ரன். 'ஹேஸ் ரேன்' என்று எழுதுவது பரவலான பிழை. 'ஹேஸ் ரன்' என்பதே சரி.

படி 9: சோதித்துப் பாருங்கள்

கீழே உள்ள பத்தியில் ஒவ்வொரு 'ரன்'னையும் தமிழில் சொல்லிப்பாருங்கள், விடையைப் பார்க்காமல்.

'ஷி ரன்ஸ் எ ஸ்மால் ஃபேக்டரி. ஆன் மண்டே ஷி வாஸ் ரன்னிங் எ ஃபீவர். த மீட்டிங் ரேன் ஓவர் அண்ட் வி ரேன் அவுட் ஆஃப் டைம். ஷி செட், ரன் த நம்பர்ஸ் அகெய்ன், தென் ரன் தெம் பை மீ.'

அவள் சின்ன ஆலை ஒன்றை நடத்துகிறாள்: பின்னால் பெயர்ச்சொல் நேராக நிற்கிறது, படி 3. திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல்: கணக்கில் அடங்காதது, மனப்பாடம். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப்போனது, நேரம் போதாமல் போனது: படி 6. கடைசி வாக்கியத்தில்தான் பலர் தடுக்குவார்கள். 'ரன் த நம்பர்ஸ்' என்றால் கணக்கைப் போட்டுப்பார் என்று பொருள். அதே எண்களோடு 'பை மீ' சேர்ந்ததும், போட்ட கணக்கை என்னிடம் காட்டிவிடு என்றாகிறது. முதலாவதில் வேலை கால்குலேட்டரோடு, இரண்டாவதில் முதலாளியோடு.